பள்ளியில் உளவியல் அறிமுகம்: 45 நிமிடம், 40 பேர், என்ன செய்யலாம்?

ஜூலை 7, இரவு (கேள்வி)

பி.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். டிபார்ட்மெண்ட் சார்பில் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு உளவியலை அறிமுகம் செய்யப் போகிறோம். ஒரு பீரியட், 40 பேர், புரொஜெக்டர் கிடையாது. ஆளுமைத் தேர்வு ஒன்று கொடுத்து, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட் பற்றிச் சொல்லி, கடைசி பத்து நிமிடம் மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிப் பேசலாம் என்று திட்டம். அண்ணா, அக்கா யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூலை 7, இரவு 11 மணி

தம்பி, மூன்றையும் விட்டுவிடுங்கள். பேச்சைக் குறைத்து ஒரே ஒரு சோதனையை வகுப்பின் மீதே நடத்துங்கள். பசங்க தாங்களே அளந்து, தாங்களே எழுதிய எண்களைக் கரும்பலகையில் பார்க்க வேண்டும். உளவியல் என்பது மனதைப் படிக்கும் வித்தையும் இல்லை, அறிவுரையும் இல்லை, அளந்து பார்க்கிற துறை என்பது அங்கேதான் புரியும். மாநிலப் பாடத்திட்டத்தில் வருகிற பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் இந்தப் பாடமே கண்ணில் படுகிறது. அந்த முதல் சந்திப்பு ராசிபலன் மாதிரி இருந்தால், பிறகு அதை அழிப்பது கஷ்டம்.

ஆளுமைத் தேர்வு ஏன் கூடாது: மதிப்பெண்ணை விளக்க உங்களுக்குப் பயிற்சி இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரன் தாளை எட்டிப் பார்ப்பான். "நீ இன்ட்ரோவெர்ட்" என்று ஒட்டிய பட்டம் அந்த வருஷம் முழுக்க ஒட்டியிருக்கும். நுண்ணறிவுத் தேர்வு இதைவிட மோசம். ரோர்ஷாக் மைத்தடங்களையும் (மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் தேர்வு) காட்டாதீர்கள். மொத்தமே பத்து அட்டைதான், முன்பே பார்த்தவரிடம் அந்தத் தேர்வின் பயன் குறைந்துவிடும்.

ஜூலை 8, காலை

எந்தச் சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ரூப். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் வாய் தடுமாறும். வெறும் நிறக் கட்டங்கள் நூறின் நிறத்தைச் சொல்ல அவரது பங்கேற்பாளர்களுக்குச் சராசரியாக 63.3 நொடி ஆனது. முரணான சொற்கள் நூறுக்கு 110.3 நொடி. வித்தியாசம் 47 நொடி.

பள்ளிக்கு இது பொருந்தக் காரணம் இந்தப் பெரிய வித்தியாசம்தான். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துவதில் 0.2, 0.3 நொடி பிசகு வரும். விளைவு அதைவிடச் சிறியதாக இருந்தால் பிசகில் கரைந்துவிடும். இருபது சொல் கொண்ட அட்டை என்றால் மேற்சொன்ன கணக்குப்படி கட்டங்களுக்குச் சுமார் 13 நொடி, முரண் சொற்களுக்குச் சுமார் 22 நொடி. ஒன்பது நொடி இடைவெளியை எந்த வாட்சும் பிடித்துவிடும்.

அட்டை செய்யும் முறை:

ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் ஓர் இணை. முதல் பாதியில் 20 நிறக் கட்டங்கள், 4 வரிசை, வரிசைக்கு 5. மறு பாதியில் அதே இடங்களில் அதே மை, ஆனால் கட்டத்துக்குப் பதில் வேறு நிறத்தின் பெயர். நான்கு நிறம் போதும்: சிவப்பு, பச்சை, நீலம், ஊதா. மஞ்சள் வெள்ளைத் தாளில் தெரியாது. அதைச் சேர்த்தால் தாமதம் முரணால் வந்ததா, கண் சிரமப்பட்டதால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. ஒரு சொல்லின் பெயர் அடுத்த மையின் நிறமாகவும் இருக்கக்கூடாது, அதுவே தாமதத்தைக் கூட்டும் தனி விளைவு. ஸ்கெட்ச் பேனாவால் எழுதலாம், கலர் பிரிண்ட் தேவையில்லை. 40 பேர் என்றால் 20 ஜோடி, 20 இணை அட்டை. முனை மழுங்கினால் எழுத்தின் தடிமன் மாறும், அதனால் நான்கு செட் பேனா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 8, மதியம்

கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எழுதி வகுப்பே சேர்ந்து சொன்னால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். சத்தம் வரும், அளவு வராது. முன்பெஞ்சு சொன்னதைப் பின்பெஞ்சு எதிரொலிக்கும். தவிர சிவப்பு சாக்பீஸ் கரும்பலகையில் மங்கல், கடைசி வரிசைக்குத் தெரியாது.

ஜூலை 8, இரவு

வாட்ச் பிரச்சினை. பள்ளியில் மாணவர் கையில் போன் இருக்காது. பி.டி. மாஸ்டரிடமும் பிசிக்ஸ் லேபிலும் ஸ்டாப்வாட்ச் இருக்கும், ஆனால் இருபது கிடைக்காது. ஒரே ஒரு வாட்ச் போதும்: நீங்கள் முன்னால் நின்று "ஆரம்பி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு நொடியையும் பலகையில் எழுதிக்கொண்டே போங்கள், 1, 2, 3 என்று. படிப்பவர் பலகைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஜோடி பலகையைப் பார்த்து, முடிந்த நொடியில் எந்த எண் இருந்ததோ அதைக் குறித்துக்கொள்ளும்.

எண்ணைச் சத்தமாகச் சொல்லலாமே என்ற யோசனைக்குப் பதில்: வேண்டாம். நிறத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவர் காதில் எண் விழுந்தால் அதுவும் குறுக்கிடும். நீங்கள் அளக்க வந்தது வேறு குறுக்கீட்டை.

ஜூலை 9

வரிசை முக்கியம். எல்லோரும் கட்ட அட்டையை முதலில் படித்து, முரண் அட்டையை இரண்டாவதாகப் படித்தால் பழக்கமும் களைப்பும் ஒரே பக்கம் சேரும். ஒற்றைப்படை எண் ஜோடிகள் கட்டத்தில் தொடங்கட்டும், இரட்டைப்படை ஜோடிகள் முரணில் தொடங்கட்டும். ஒரே நேரத்தில் நடத்தினாலும் சிக்கல் இல்லை. ஏன் இப்படிப் பிரித்தோம் என்று பசங்களிடமே கேளுங்கள், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஆய்வுமுறை பாடத்தின் முதல் அத்தியாயம் அங்கே முடிந்தது.

தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். "திருத்திச் சொல்லிவிட்டு மேலே போ" என்பது நல்ல விதி, ஏனென்றால் பிழையும் நேரமாக மாறிவிடும். விதி சொல்லாமல் விட்டால் ஒருவர் பிழையைத் தாண்டி ஓடுவார், இன்னொருவர் வரிசையின் தொடக்கத்துக்கே திரும்புவார். இரண்டு எண்களையும் ஒரே பலகையில் வைக்க முடியாது.

சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத பையன் ஒருவனாவது இருக்கலாம். "யாருக்குக் கலர் தெரியாது" என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். "நேரம் குறிக்க மட்டும் விருப்பமிருப்பவர்கள் அப்படியே செய்யலாம்" என்று பொதுவாக ஒரு வழி விட்டுவைத்தால் போதும்.

ஜூலை 9, இரவு

முடிவை எப்படிக் காட்டுவது? பலகையில் கிடையாக ஒரு கோடு, 5 முதல் 40 நொடி வரை. கட்ட அட்டையின் நேரங்களைக் கோட்டுக்குக் கீழே புள்ளியாக, முரண் அட்டையின் நேரங்களை மேலே புள்ளியாக வையுங்கள். இரண்டு கூட்டமும் விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும். சராசரியைவிட இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுப்பது நல்லது. நடுவில் சிரித்துவிட்டு 40 நொடி எடுத்த ஒருவரால் சராசரி நகர்ந்துவிடும், இடைநிலை அசையாது.

பிறகு இந்தக் கேள்வி: இது தற்செயலாக வந்திருக்கலாமா? இருபது ஜோடியில் இருபது பேருமே முரண் அட்டையில் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். அட்டைகளுக்குள் வித்தியாசமே இல்லையென்றால் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சாய்வார் என்பது காசு சுண்டுவது போல. இருபது முறை சுண்டி இருபதும் தலை விழ வாய்ப்பு 10,48,576-ல் ஒன்று. பத்துக்குப் பத்து என்றால் 1,024-ல் ஒன்று. புள்ளியியலில் குறித்தேர்வு (sign test) என்பது இவ்வளவுதான். பிளஸ் ஒன் மாணவருக்கு நிகழ்தகவு தெரியும், இருக்கையை விட்டு எழாமல் புள்ளியியல் முடிவு ஒன்றை எடுத்திருப்பார். எனக்கு இந்த அறிமுகத்திலேயே பிடித்த இடம் இதுதான், அவசரமில்லாமல் செய்யுங்கள்.

ஜூலை 10

"சொல்லைப் படிப்பதிலும் அதே அளவு தாமதம் வரும்தானே, மையைச் சொல்லாமல்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வராது. ஸ்ட்ரூப்பின் முதல் சோதனையே அதுதான்: முரணான மையில் இருந்த சொற்களைப் படிப்பதில் நூறு சொல்லுக்கு 2.3 நொடிதான் கூடியது. படிப்பது பழகித் தானாக நடக்கிறது, நிறம் சொல்வது அப்படியில்லை. இந்த ஒருதலைப்பட்சத்தை வைத்துத்தான் விளக்கமே நிற்கிறது, விட்டுவிடாதீர்கள்.

இதிலிருந்து ஒரு நல்ல தொடர்ச்சி கிடைக்கிறது. தமிழ்வழி மாணவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய முரண் அட்டை கொடுத்தால் தாமதம் குறையுமா? கருதுகோளை வகுப்பே முன்கூட்டி எழுதட்டும். பதிலைத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாறிகள் ஒன்றாக நகரும். நேரம் போதாவிட்டால் இதை அடுத்த முறைக்கு வையுங்கள்.

ஜூலை 11

ஒருவர் விடும் ஸ்கேலை இன்னொருவர் விரலால் பிடித்து எதிர்வினை நேரத்தை அளக்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைத்திருக்கிறீர்கள். நல்லது, ஒன்பதாம் வகுப்புக்கும் சரிப்படும். விழுந்த தூரத்திலிருந்து நேரம்: 10 செ.மீ. என்றால் 0.143 நொடி, 15-க்கு 0.175, 20-க்கு 0.202, 25-க்கு 0.226, 30-க்கு 0.247. தூரத்தை மீட்டரில் வைத்து இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, 30 செ.மீ. ஸ்கேல் போதாது. மெதுவானவர்களுக்கு ஸ்கேல் கையைத் தாண்டி விழுந்துவிடும், அவர்கள் எண் பதிவாகாது, மிச்சமிருக்கும் சராசரி பொய்யாக வேகமாகத் தெரியும். மீட்டர் ஸ்கேல் எடுங்கள். இரண்டு, விடுபவர் "ரெடி" சொல்லி எப்போதும் ஒரே இடைவெளியில் விட்டால் பிடிப்பவர் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். இரண்டு முதல் ஆறு நொடிக்குள் மாற்றி மாற்றி விட வேண்டும். மூன்று, 5 செ.மீ.க்குள் பிடித்தால் அது 0.1 நொடி. கண் பார்த்து மூளை சொல்லிக் கை மூடுவதற்கு அது போதாது, முன்கூட்டியே கை மூடியிருக்கிறது. அந்த முயற்சியை நீக்கிவிடுங்கள், நீக்கப்போவதை முன்பே அறிவித்துவிடுங்கள்.

பத்து முயற்சியில் முதல் இரண்டை ஒத்திகையாக விடலாம்.

ஜூலை 12, காலை

ஃபிராய்டை விட்டுவிட்டால் வரலாறே இல்லாமல் போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நிமிடம் போதும்: 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார், 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் என்.என். சென்குப்தா தலைமையில் இந்தியாவின் முதல் உளவியல் துறை வந்தது, 1924-ல் மைசூர் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை. ஃபிராய்ட் பெயரைப் பிள்ளைகளே எடுப்பார்கள். "உளவியலில் அவர் ஒரு கிளை, அவர் சொன்னதில் பலவற்றைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை" என்று நேராகச் சொல்லுங்கள்.

ஜூலை 12, இரவு

யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள், தயாராக இருங்கள்.

ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை, 1971. இளைஞர்களைக் காவலர், கைதி என்று பிரித்துப் போலிச் சிறையில் வைத்துப் பார்த்தார்கள். காவலர்கள் தாமாகவே கொடூரமாக மாறினார்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டல் தரப்பட்டிருந்தது பிறகு ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. இதைச் சான்றாகச் சொல்லாதீர்கள்.

மார்ஷ்மெல்லோ. மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த குழந்தை பின்னாளில் நன்றாகப் படிக்கும் என்பது. 2018-ல் பெரிய மாதிரியில் திரும்பச் செய்தபோது தொடர்பு பாதியளவாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது மேலும் மெலிந்தது.

"நான் கண்ணால் பார்த்துப் படிப்பவன், அவன் காதால் கேட்டுப் படிப்பவன்." இது ஆசிரியர் பயிற்சியிலேயே புழங்குகிறது. ஒவ்வொருவர் பாணிக்கும் ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-ல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பாய்வு சொன்னது. ஆசிரியர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தால் பணிவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கும் வகுப்புக்குப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறார்கள். மூக்கின் இருபுறமும் கட்டுக்குக் கீழே இடைவெளி இருக்கும், குழந்தை தலையை லேசாகத் தூக்கி அதன் வழியே பார்க்கும். புத்தகத்தை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடித்தாலோ, நீச்சல் கண்ணாடியின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி மாட்டினாலோ படிப்பு நின்றுவிடும். இதைக் கேலியாக்காதீர்கள், அந்த வகுப்புக்குப் போன பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கும். "இதைச் சோதிக்க என்ன ஏற்பாடு செய்வீர்கள்?" என்று வகுப்பிடம் கேட்டால் போதும்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு: 2015-ல் ஆய்வாளர்கள் கூட்டாக நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் முடிவு புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்கது, மறுஆய்வில் 36 சதவீதம்தான். முதல் செமஸ்டரிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஜூலை 13

அனுமதி பற்றி யாருமே கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் கையெழுத்து போதாது. பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம்: என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், பெயர் எழுதமாட்டோம், வேண்டாமென்றால் பிள்ளை விலகலாம். வகுப்பிலும் இதையே சொல்லுங்கள். விலகியவருக்கு வேலை கொடுங்கள், சும்மா உட்கார வைத்தால் அதுவே தண்டனை ஆகிவிடும். தாளில் பெயருக்குப் பதில் ஜோடி எண். ஏமாற்றும் சோதனைகள், கூட்ட அழுத்தம், பயமுறுத்தல் எதுவும் கூடாது.

இன்னொன்று, இதுதான் உண்மையில் பெரியது. வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை தனியாக வந்து வீட்டில் நடப்பதைச் சொல்லலாம், சாக வேண்டும்போல் இருக்கிறது என்றும் சொல்லலாம். நீங்கள் ஆலோசகர் இல்லை. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள், நோண்டிக் கேட்காதீர்கள், அன்றைக்கே உங்கள் பேராசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் சொல்லுங்கள். வீட்டில் ஆபத்து இருக்கலாம் என்று தோன்றினால் பெற்றோருக்குச் சொல்வதைப் பேராசிரியர், தலைமை ஆசிரியர் முடிவுக்கு விடுங்கள். பாலியல் குற்றம் என்றால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிந்தும் மறைப்பது குற்றம். பலகையின் ஓரத்தில் மூன்று எண்களை முதல் நிமிடத்திலேயே எழுதிவையுங்கள்: குழந்தைகள் உதவி 1098, மனநல உதவி டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி 104.

மன அழுத்தம் பற்றிய பத்து நிமிடப் பேச்சை ஏன் வெட்டச் சொன்னேன் என்பதும் இதனால்தான். புண்ணைத் திறந்துவிட்டு மணி அடித்ததும் கிளம்பிப் போவதாக ஆகிவிடும்.

ஜூலை 14

"பி.எஸ்சி. சைக்காலஜி படிக்க என்ன குரூப் எடுக்கணும், முடிச்சா டாக்டரா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலைப் பொய்யில்லாமல் சொல்லுங்கள்.

பல கல்லூரிகள் எந்த குரூப்பையும் ஏற்கின்றன, சேரும் கல்லூரியின் விதியைப் பார்க்க வேண்டும். கணக்குக்குப் பயந்து இந்தப் பாடத்துக்கு வருபவர்கள் மாட்டிக்கொள்வார்கள்: புள்ளியியலில் திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு, டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை (chi-square), மாறுபாட்டுப் பகுப்பாய்வு எல்லாம் உண்டு. நரம்பணு, மூளைப் பகுதிகள், ஹார்மோன்கள் என்று உயிரியலும் உண்டு. பிராக்டிகலில் முல்லர்-லயர் பலகை (கோட்டின் நீளம் மாறித் தெரியும் கண்மாயை), கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைவது, விரல் நுணுக்கப் பலகை என்று சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருதுகோள், பொருட்கள், அறிவுரை, அட்டவணை, விவாதம். சி.பி.எஸ்.இ. பிளஸ் டூவில் உளவியல் எடுத்தவர்களுக்கு எழுத்து 70, செய்முறை 30 என்று இதன் சாயல் தெரிந்திருக்கும்.

பட்டம் மட்டும் வாங்கி மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. மேற்படிப்பாக 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி, அதன் பதிவேட்டில் பெயர், இரண்டும் வேண்டும். அந்தப் பயிற்சிகளின் பெயரும் வடிவமும் மாறிவருகின்றன, சேரும் ஆண்டில் கவுன்சில் தளத்தைப் பாருங்கள். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர், அது எம்.பி.பி.எஸ். வழி.

ரெக்கார்டு நோட்டில் சீனியரின் எண்களைக் காப்பி அடிப்பது பல இடங்களில் நடக்கிறது. கற்பனை எண்கள் மிக ஒழுங்காக இருக்கும், முயற்சிக்கு முயற்சி ஏற்றம் இறக்கம் இருக்காது. நிஜத் தரவு முரடாகத்தான் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு முரட்டுத் தரவைக் காட்டப்போகிறவர்கள் முதலில் தங்கள் நோட்டில் அதை எழுத வேண்டும்.

ஜூலை 15

இரண்டாம் முறை போக வாய்ப்பிருந்தால், பொதுத்தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு நேரடியாக உதவுகிற சோதனை ஒன்று. 2006-ல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்தது: பாடத்தை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள், ஒருமுறை படித்து ஒருமுறை பார்க்காமல் எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழ்: 42-க்கு எதிராக 56. திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்த மாதிரி ஓர் உணர்வைத் தருகிறது, நிலைப்பதோ பார்க்காமல் எழுதிப் பார்த்தது.

வகுப்பில்: அவர்களுக்கு இன்னும் நடத்தாத பாடப்பகுதியிலிருந்து இரண்டு பத்தி, ஒவ்வொன்றிலும் 10 தகவல். ஐந்து நிமிடம் படிப்பு. பிறகு ஒரு பத்தியைத் திரும்பப் படிக்க ஐந்து நிமிடம், மற்றதைத் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத ஐந்து நிமிடம். எந்தப் பத்திக்கு எந்த முறை என்பதை வருகை எண் ஒற்றை, இரட்டையாக மாற்றிக் கொடுங்கள், ஒரு பத்தி மற்றதைவிட எளிதாக இருந்துவிடலாம். கடைசியில் "அடுத்த வாரம் எது அதிகம் ஞாபகம் இருக்கும்?" என்று கணிப்பைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் தேர்வு வைக்கப்போவதைச் சொல்லாதீர்கள், வீட்டில் படித்துவிட்டு வந்தால் போயிற்று. "இன்னொரு முறை வருவோம், அப்போது என்ன செய்வோம் என்பதை அன்றுதான் சொல்வோம்" என்பது பொய்யும் இல்லை, அனுமதிக் கடிதத்துக்கும் முரணில்லை.

ஜூலை 15, இரவு

பொய் நினைவு காட்டும் சொல்பட்டியல் பற்றி: ஒரு சொல்லோடு தொடர்புள்ள சொற்களை மட்டும் வாசித்துவிட்டு, கேட்டதை எழுதச் சொன்னால், பட்டியலில் இல்லாத அந்தச் சொல்லையும் பலர் எழுதுவார்கள். 1995-ல் ரோடிகர், மெக்டெர்மாட் பயன்படுத்திய ஆங்கிலப் பட்டியலை அப்படியே தமிழாக்கினால் பலன் குறையலாம், அந்தத் தொடர்புகள் ஆங்கிலம் பேசுவோரிடம் எடுத்தவை. கல்லூரியில் 30 பேரிடம் "தூக்கம் என்றதும் வரும் முதல் சொல்" கேட்டு, அதிகம் வந்த 12-ஐ எடுங்கள். பாய், தலையணை, கனவு, கொட்டாவி, குறட்டை, போர்வை, இரவு போன்றவை வரலாம். "தூக்கம்" மட்டும் பட்டியலில் இருக்கக்கூடாது. அவர்கள் சோதனையில் 12 சொல் பட்டியலில் சுமார் 40 சதவீதம் முறை இல்லாத சொல்லை எழுதினார்கள். "ஊகித்து எழுதாதீர்கள், கேட்டது நிச்சயம் என்றால் மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அது நினைவு அல்ல, யூகம் என்று யாரும் வாதிடலாம்.

ஜூலை 16

நேரப் பங்கீடு கேட்டிருந்தீர்கள். அனுமதியும் விளக்கமும் 6 நிமிடம், ஜோடி பிரித்து அட்டை கொடுக்க 5, ஒரு ஒத்திகை வரிசை 2, முதல் ஆள் இரண்டு அட்டையும் 4, இடம் மாறி இரண்டாம் ஆள் 4, புள்ளி வைக்க 8, காசுக் கணக்கு 8, கேள்விகள் 8. மொத்தம் 45. இரண்டாம் ஆள் முதல் ஆள் படிப்பதைப் பார்த்துவிட்டார் என்பதால் காசுக் கணக்குக்கு முதல் ஆட்களின் 20 எண்களை மட்டும் எடுங்கள், இரண்டாம் ஆட்களின் எண்களை வேறு நிறச் சாக்பீஸில் வையுங்கள். சம நேரம் வந்தவர்களைக் காசுக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம், எத்தனை பேரை விட்டோம் என்பதையும் பலகையில் எழுதிவிடுங்கள்.